குன்னூர் அட்டவணையும் கரேலியாவின் வெண்ணெயும்

நூறு கிராம் செம்மறியாட்டிறைச்சியில் 13.3 கிராம் கொழுப்பு. அதே எடையுள்ள வெள்ளாட்டிறைச்சியில் 3.6 கிராம். இவ்விரு எண்களையும் நாம் முதன்முதலாகக் கண்டது அட்டை கிழிந்த ஒரு பழைய நூலில்தான். இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பைக் கூறும் அந்த ஆங்கில நூல் 1971-இல் வெளிவந்தது. பழைய புத்தகக் கடையொன்றில் சொற்ப விலைக்கு வாங்கி வந்து, அன்று மாலையே வீட்டாரைக் கூட்டி வைத்துச் சில பக்கங்களைப் படித்துக் காட்டினோம். நெய்யில் எவ்வளவு, தேங்காயில் எவ்வளவு, முட்டையில் எவ்வளவு என்று நாம் உற்சாகத்தோடு சொல்லிக்கொண்டே போக, உம்மா அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எல்லாம் சரி வாப்பா, ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்று அதிலே போட்டிருக்கா?” என்றார்கள். போட்டிருக்கவில்லை.

அந்த வினா நம்மை விட்டு அகலவில்லை. அன்றாட உணவில் கொழுப்பு எவ்வளவு என்பதை அறிஞர் கண்டறிந்தது எப்பொழுது, அதை மக்களுக்குச் சொல்ல முயன்றவர் யாவர், சொன்னதை மக்கள் கேட்டார்களா என்று தேடிப் படிக்கலானோம். தேடல் நம்மை முதலில் நீலகிரிக்கும், பிறகு யாரும் எதிர்பாராத வகையில் பின்லாந்து நாட்டின் பனிக்காடுகளுக்கும் கொண்டு சென்றது.

உணவில் உள்ள கொழுப்பை அளக்க வேண்டும் என்று முதலில் தீவிரமாக எண்ணியோர் மருத்துவர்கள் அல்லர். பால் வணிகத்தோடு தொடர்புடையவர்களே. பாலில் தண்ணீர் கலப்பது எல்லா நாட்டிலும் பழைய தொழில்தானே! 1879-இல் ஜெர்மானிய வேதியியலார் சாக்ஸ்லெட், பாலில் உள்ள கொழுப்பை ஈதரால் கரைத்துப் பிரித்தெடுக்க ஒரு கண்ணாடிக் கருவியை வகுத்தார். உலர்த்திப் பொடியாக்கிய எந்த உணவையும் அதிலிட்டால், கொழுப்பு மட்டும் கரைந்து கீழே வந்து சேரும். ஈதரை ஆவியாக்கிவிட்டு எஞ்சியதை நிறுத்துப் பார்க்கலாம். அக்கருவி இன்றும் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1890-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பாப்காக் என்பவர் இதைவிட எளிய முறையொன்றைக் கண்டார். பாலில் கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சுழற்றினால், கொழுப்பு மேலே திரண்டு குப்பியின் கழுத்தில் நிற்கும். அளவுகோலைப் பார்த்துப் படிக்க வேண்டியதுதான். பட்டறிவு மிக்க ஒரு விவசாயியே செய்துவிடக்கூடிய சோதனை. அவர் அதற்குக் காப்புரிமைகூடப் பெறவில்லை என்பர்.

அன்றிலிருந்து பாலின் விலை கொழுப்பைப் பொறுத்ததாயிற்று. நம் நாட்டுக் கூட்டுறவுப் பால் சங்கங்களிலும் காலையில் பால் ஊற்றும் பெண்மணிக்குத் தன் மாட்டின் பாலில் கொழுப்பு எத்தனை என்பது மனப்பாடம். ஆகக் கொழுப்பின் அளவை முதலில் கற்றுக்கொண்டவர் அதை விற்பவர், உண்பவர் அல்லர். கூடுதல் கொழுப்பு கூடுதல் காசு என்பதே அவர் கற்ற பாடம். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; பின்லாந்தில் இது மீண்டும் குறுக்கிடும்.

இனி நீலகிரி. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்னும் இராணுவ மருத்துவர், குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தின் ஒரேயோர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே உண்போர்க்கு வரும் நோய் அது. அந்த ஓர் அறை 1928-இல் ஊட்ட ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அவர் செய்த ஆய்வுகளுள் ஒன்று அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. இந்தியாவின் பல இனத்தார் உண்ணும் உணவை அப்படியே எலிக்கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் வாட்டசாட்டமாக வளர்ந்தன. வரிசையின் கடைசியில் நின்றவை மதராஸி உணவைத் தின்றவை. எலி மனிதன் அன்று. ஓர் இனத்தின் உணவை ஒரு தட்டில் அடக்கிவிடவும் இயலாது. ஆயினும் நம் ஏழை மக்களின் சோற்றுத் தட்டில் பாலும் நெய்யும் இல்லை என்ற உண்மையை அந்த எலிகள் சொல்லாமல் சொல்லின.

மெக்காரிசன் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. 1928-இலேயே பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சாரணர் இயக்கங்களுக்கும் பயன்படத்தக்க வகையில் உணவைப் பற்றி எளிய பாடநூல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். கற்பித்தல் என்னும் எண்ணம் குன்னூரில் அன்றே வேரூன்றிவிட்டது.

1935-இல் அவர் ஓய்வு பெற, உலக நாடுகள் சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் பணியாற்றிய வாலஸ் அய்க்ராய்டு அவ்விடத்துக்கு வந்தார். 1937-இல் அரசாங்கத்தின் சுகாதார வெளியீடுகளில் 23-ஆம் எண்ணாக அவருடைய சிறு நூல் வெளிவந்தது. இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பும், போதிய உணவை வகுக்கும் முறையும் அதன் பொருள். கேழ்வரகும் கம்பும் முருங்கைக் கீரையும், அதுவரை எந்த வெள்ளைக்கார நூலும் ஏறிட்டுப் பாராத பண்டங்களெல்லாம், புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, சுண்ணாம்பு, இரும்பு என்று எண்களாகி வரிசையில் நின்றன. பல பதிப்புகள் கண்ட நூல் அது. நாம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது அதன் வழித்தோன்றலே. ஆய்வு நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. சேலத்தில் பிறந்து, நூறு வயதைக் கண்டு 2019-இல் மறைந்த டாக்டர் சி. கோபாலன் தலைமையில் அந்நூல் புதுக்கி எழுதப்பட்டது. பொருள்களின் தமிழ்ப் பெயர்களும் பின்னிணைப்பில் சேர்ந்தன.

1937-ஆம் ஆண்டு நூல் கொழுப்பைப் பற்றிச் சொன்ன பாடம் இன்று கேட்போர்க்கு வியப்பளிக்கும். நன்கு அமைந்த உணவில் ஒருவருக்கு நாளொன்றுக்கு எண்ணெயும் நெய்யுமாக 2 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 57 கிராம், வேண்டும் என்றது அது. இன்றைய மருத்துவர் காதில் இது விழுந்தால் திடுக்கிடுவார். அய்க்ராய்டின் கண்முன் நின்ற மக்களை எண்ணிப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். சோறும் மோரில்லா நீராகாரமும், விரல் நுனியில் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயுமாக வாழ்ந்தவர்கள் அவர்கள். ‘ஏ’ உயிர்ச்சத்து கொழுப்பில் கரைவது. உணவில் கொழுப்பு அறவே இல்லையென்றால் கீரையில் உள்ள சத்தும் உடலில் சேராது. கருவிழி மென்மையாகிக் கண் கெட்டுப்போன குழந்தைகள் தென்னிந்திய மருத்துவமனைகளில் அன்று ஏராளம். உலகப் போரின்போது காட் மீன் ஈரல் எண்ணெய் வருவது தடைப்பட, சென்னை மாகாணத்தின் மேற்குக் கடற்கரையில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்துக் குழந்தைகளுக்குப் புகட்டினார்கள். வங்கப் பஞ்சத்தை விசாரிக்க அமைக்கப்பட்ட குழுவிலும் அய்க்ராய்டு உறுப்பினராயிருந்தார். அவர் கண்ட இந்தியா பட்டினி இந்தியா. அந்த இந்தியாவுக்கு அவர், ‘இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றிக்கொள்’ என்றார். தவறு என்று யார் சொல்லக்கூடும்?

அட்டவணையை நம் வீட்டுக் கண்கொண்டு சற்றே நோக்குவோம். பச்சரிசியில் 0.5 கிராம், பேரீச்சம்பழத்தில் 0.4. இவற்றில் கொழுப்பு இல்லையென்றே சொல்லிவிடலாம். பசும்பாலில் 4.1, எருமைப் பாலில் 6.5. கோழி முட்டையில் 13.3. வேர்க்கடலையில் 40.1, எள்ளில் 43.3, முந்திரியில் 46.9, வாதுமையில் 58.9. தேங்காய் பச்சையாக 41.6; கொப்பரையானால் 62.3. வெண்ணெய் 81, நெய் 100. எண்ணெய் என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நாம் கணக்கில் கொள்கிறோம். தேங்காய்ப் பால் ஊற்றிய ஆணத்திலும், முந்திரி அரைத்து விட்ட குருமாவிலும் எண்ணெய் மறைந்திருக்கிறது. அதை யார் எண்ணுகிறார்? முதலில் குறித்த ஆட்டிறைச்சிக் கணக்கும் அப்படிப்பட்டதே. கறிக்கடையில் இரண்டும் ‘மட்டன்’ என்ற ஒரே பெயரில் தொங்குகின்றன. எடைக்கு எடை நான்கு பங்குக்கு நெருங்கிய வேறுபாடு உண்டென்பது வாங்குவோர்க்கும் தெரியாது, பெரும்பாலும் விற்போர்க்கும் தெரியாது. எந்தத் துண்டு, எத்தனை வயது ஆடு என்பதைப் பொறுத்து எண் கூடும் குறையும் என்பது உண்மையே. எனினும் வேறுபாடு வேறுபாடுதான்.

அந்த அட்டவணையில் ஒரு பெருங்குறையும் இருந்தது. பசு நெய் 100, எருமை நெய் 100, நல்லெண்ணெய் 100, தேங்காய் எண்ணெய் 100, வனஸ்பதி 100. எல்லாம் நூற்றுக்கு நூறு! அளவைச் சொன்ன நூல், வகையைச் சொல்லவில்லை. கொழுப்புகளில் செறிவுற்றவை, செறிவுறாதவை என்று பிரிவுண்டு. தேங்காய் எண்ணெயில் நூற்றில் ஏறத்தாழத் தொண்ணூறு பங்கு செறிவுற்றது, நல்லெண்ணெயில் பதினைந்து பங்கு அளவே. அது இரத்தத்தில் என்ன செய்யும் என்ற கேள்வி 1937-இல் பெரிதாக எழவில்லை. அதே 1937-ஆம் ஆண்டில்தான் இந்தியச் சந்தையில் டால்டா அடியெடுத்து வைத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். 1902-இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் நோர்மன் காப்புரிமை பெற்ற முறைப்படி, எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி நெய்போல் உறையச் செய்த பொருள் அது. நெய் வாங்க வசதியற்ற குடும்பங்களின் விருந்துக்கு அந்த மஞ்சள் டப்பா ஒரு கௌரவத்தைத் தந்தது. நெய்யில் அதைக் கலந்து விற்பதைப் பிடிக்க அரசாங்கம் ஒரு சூழ்ச்சி செய்தது: வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் கட்டாயம் சேர வேண்டும் என்றது. நல்லெண்ணெய் இருந்தால் அமிலச் சோதனையில் சிவப்பு நிறம் காட்டிக்கொடுத்துவிடும். கலப்படத்தைக் காட்டும் சோதனை இருந்தது. கலப்படமற்ற வனஸ்பதியே உடலுக்கு என்ன செய்கிறது என்று காட்டும் சோதனை அப்போது இல்லை.

இவ்விடத்தில் கதை வடதுருவத்தை ஒட்டிய நாட்டுக்குச் செல்கிறது.

பின்லாந்தின் கிழக்கெல்லையில், ரஷ்யாவை ஒட்டிக் கிடப்பது வட கரேலியா. காடும் ஏரியும் நிறைந்த நாடு. இரண்டாம் உலகப் போரில் பின்லாந்து கரேலியாவின் ஒரு பகுதியைச் சோவியத் நாட்டிடம் இழந்தது; நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். அவர்களுக்கும் போர் வீரர்களுக்கும் அரசாங்கம் துண்டு துண்டாக நிலம் கொடுத்தது. மரம் வெட்டி, மாடு வளர்த்து, பால் விற்றுப் பிழைத்தனர். பசி கண்ட தலைமுறைக்கு வெண்ணெய் கைக்கு வந்தது. ரொட்டியில் வெண்ணெய், கிழங்கில் வெண்ணெய், கஞ்சியில் வெண்ணெய். குடிப்பதற்கும் ஆடை நீக்காத பால். மரம் வெட்டுவோர் தடித்த பாலாடைக் கட்டித் துண்டின்மேல் வெண்ணெயைப் பூசித் தின்றதைத் தாம் கண்ணால் கண்டதாக அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் சொல்வதுண்டாம். வறுமையிலிருந்து மீண்டவன் முதலில் கொழுப்பைத்தான் தேடுகிறான். வளைகுடாவுக்குப் போன பிள்ளையின் முதல் பணம் வந்ததும் நம் ஊர்களில் நடந்த விருந்துகளை நினைத்தால் கரேலிய விவசாயியை நாம் குறை கூற மாட்டோம்.

கீஸ் 1958-இல் தொடங்கிய ‘ஏழு நாடுகள் ஆய்வு’ புகழ் பெற்றது. அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகியவற்றில் நடுவயது ஆடவர் 12,000-க்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். இதய நோயில் கிழக்குப் பின்லாந்து முதலிடம் பெற்றது. கிரீட் தீவு கடைசியில் நின்றது. கரேலியாவில் நாற்பதும் ஐம்பதும் நிரம்பிய ஆடவர், காட்டில் கோடரி பிடித்து உழைக்கும் திடகாத்திரர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தனர். ஊருக்கு ஊர் விதவைகள். உழைப்பாளிக்கு மாரடைப்பு வராது என்று நம்மில் பலர் இன்றும் நம்புகிறோம். அந்த நம்பிக்கையைக் கரேலியா அன்றே பொய்ப்பித்தது.

1971 ஜனவரியில் அம்மாகாணத்தின் ஆளுநரும் மக்கள் பிரதிநிதிகளும் ஒன்றுகூடித் தலைநகருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். எம் மக்கள் சாகிறார்கள், ஏதேனும் செய்யுங்கள் என்பதே அதன் சாரம். மருத்துவமனை கட்டித் தாருங்கள் என்பதோடு நிற்காமல், நோய் வராமல் தடுக்க வழி கேட்ட விண்ணப்பம் என்பதால் அதனைச் சரித்திரத்தில் குறிக்கத்தக்க ஒன்றாக நாம் கருதுகிறோம். 1972-இல் வட கரேலியத் திட்டம் தொடங்கியது. தலைமை ஏற்றவர் முப்பது வயது நிரம்பாத இளம் மருத்துவர் பெக்கா புஸ்கா. முதலில் இரத்தத்தைச் சோதித்தனர். நடுவயது ஆடவரின் கொலஸ்டிரால் சராசரி, ஒரு டெசிலிட்டருக்கு 265 மில்லிகிராம் அளவில் நின்றது. இருநூறுக்குள் இருப்பது நலம் என்பது மருத்துவர் கூற்று. பத்துப் பேரில் ஒன்பது பேர் ரொட்டியில் வெண்ணெய் பூசினர். சமையலுக்குத் தாவர எண்ணெய் பயன்படுத்திய வீடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

சொல்வதற்கு உண்மை இருந்தது. சொல்லும் வழிதான் தெரியவில்லை. துண்டு வெளியீடுகளும் சொற்பொழிவுகளும் நடந்தன. ஆனால் அச்சிட்ட தாளைப் படித்துவிட்டு யாரும் உணவை மாற்றிக்கொள்வதில்லை என்பதைப் புஸ்கா விரைவிலேயே உணர்ந்தார். பின்லாந்தில் 1899-இல் தோன்றிய மார்த்தா அமைப்பு என்னும் இல்லத்தரசியர் சங்கம் ஊர்தோறும் கிளை பரப்பியிருந்தது. அவர் அச்சங்கத்தின் கதவைத் தட்டினார். ஊர் ஊராக ‘நீண்ட ஆயுள் விருந்து’ என்று பெயரிட்டு மாலைக் கூட்டங்கள் நடந்தன. சிறிது நேரம் பேச்சு, பிறகு சமையல், பிறகு எல்லாரும் கூடி உண்பது. அவ்வூர்ப் பெண்கள் காலங்காலமாகச் சமைக்கும் கரேலியக் கறிக்குழம்பையே எடுத்துக்கொண்டு, கொழுப்பை வழித்துக் குறைத்து, கிழங்கும் காரட்டும் கூட்டிச் சமைத்துப் பரிமாறினர். அது பன்றிக் கறியும் சேரும் குழம்பு, நமக்கு ஆகாது. ஆயினும் அந்த உத்தி நமக்கு ஆகும். அந்நிய உணவைத் திணிக்கவில்லை. பாட்டியின் குழம்பைப் பாட்டியின் குழம்பாகவே விட்டுவைத்து, அதன் உள்ளே மாற்றினார்கள்.

இன்னொரு காரியமும் செய்தனர். ஒவ்வோர் ஊரிலும் நாலு பேர் மதிக்கும் ஆள் யார் என்று விசாரித்து, அத்தகையோரில் ஏறத்தாழ 800 பேருக்குப் பயிற்சி அளித்தனர். மருத்துவர்கள் அல்லர், கடைக்காரர், சங்கச் செயலாளர், குடியானவர். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் ஏறும் சொல், பட்டம் பெற்றவர் சொன்னால் ஏறுவதில்லை. 1978-இலிருந்து தொலைக்காட்சியிலும் தொடர் நிகழ்ச்சி வந்தது. பின்னாளில் ஊருக்கும் ஊருக்கும் போட்டி வைத்தனர்: எந்த ஊரார் இரத்தத்தில் கொலஸ்டிரால் அதிகம் குறைகிறதோ அவ்வூர்க்குப் பரிசு! பந்தாட்டத்துக்குப் பந்தயம் கட்டுவோர் இரத்தச் சோதனைக்குப் பந்தயம் கட்டிய விந்தையை வேறெங்கும் நாம் கேள்விப்பட்டதில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. வட கரேலியா பாலை நம்பி வாழும் நாடு. வெண்ணெய் வேண்டாம் என்பது அவர்கள் வயிற்றில் அடிப்பது போன்றது. பால் தொழிலார் கொதித்தெழுந்தனர். இதில் அவர்களைப் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. பாப்காக் காலத்திலிருந்து பாலுக்கு விலை கொழுப்பை வைத்து என்றுதான் உலகம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது. ஒரு கை கொழுப்புக்குக் காசு கொடுக்க, மறு கை கொழுப்பு நஞ்சு என்று எழுதினால் விவசாயி எதை நம்புவான்? காலப்போக்கில் பாலின் விலையைக் கொழுப்பைவிடப் புரதத்தைக் கொண்டு கணிக்கும் முறை வந்தது. குளிர் நாட்டிலும் விளையும் கடுகினச் செடி ஒன்றைப் பண்படுத்தி, உள்நாட்டிலேயே சமையல் எண்ணெய் எடுத்தனர். 1980-களில் பால் பண்ணையை விட்டோர் கருந்திராட்சை போன்ற சிறு கனிகளைப் பயிரிட உதவி செய்தனர். உள்ளூர்க் கொத்துக்கறிக் குழல் தயாரிப்போர் கொழுப்பைக் குறைத்துக் காளானைச் சேர்த்தனர். புத்தி சொன்னதோடு நில்லாமல், புத்தி கேட்பவன் பட்டினி கிடக்காதபடியும் பார்த்துக்கொண்டார்கள். மற்ற நாடுகளின் நலப் பிரசாரங்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது என்பது நம் கருத்து.

விளைவு என்ன? 1969-71-ஆம் ஆண்டுகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள வட கரேலிய ஆடவரில், ஆண்டுதோறும் இலட்சத்துக்கு ஏறத்தாழ 670 பேர் இதயத் தமனி நோயால் இறந்தனர். 2006 அளவில் அது சுமார் 100 ஆயிற்று. வெண்ணெய் பூசுவோர் நூற்றுக்குத் தொண்ணூறிலிருந்து ஓரிலக்கத்துக்கு இறங்கினர். இவ்வளவும் வெண்ணெயால் மட்டும் என்று சொல்லலாகாது. புகை பிடித்தல் குறைந்தது, இரத்த அழுத்தம் குறைந்தது, மருத்துவமும் வளர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த அண்டை மாகாணமான குவோப்பியோவிலும் அதே ஆண்டுகளில் நோய் குறைந்தது. அதைச் சுட்டிக்காட்டித் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று வழக்காடிய ஆய்வாளர் உண்டு. அவர்கள் வினா நேர்மையானது. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் மாகாண எல்லையில் நின்றுவிடுமா என்று திட்டத்தார் விடை சொன்னார்கள். அதுவும் பொருத்தமாகவே படுகிறது.

கொழுப்பைப் பற்றிய போதனை உலகெங்கும் நேர்வழியிலேயே சென்றது என்று எண்ணிவிட வேண்டாம். ‘கொழுப்புக் குறைவு’ என்று அட்டையில் அச்சிட்டுச் சர்க்கரையை அள்ளிக் கொட்டிய பண்டங்களை மேனாட்டார் விற்றனர்; வாங்கியோர் இளைக்கவில்லை. வெண்ணெய்க்கு மாற்று என்று பரிந்துரைக்கப்பட்ட உறைந்த செயற்கை வெண்ணெயிலும், நம் வனஸ்பதியிலும் வேறொரு தீங்கு ஒளிந்திருந்தது. ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாகும் ‘டிரான்ஸ்’ கொழுப்பு, தீய கொலஸ்டிராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று 1990-இல் நெதர்லாந்து அறிஞர் மென்சிங்கும் கட்டானும் காட்டினர். 2003-இல் டென்மார்க் அதற்கு நூற்றுக்கு இரண்டு என்று வரம்பு கட்டியது. நம் நாட்டில் அதே வரம்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. டால்டா வந்து 85 ஆண்டுகள் கழித்து! இடைப்பட்ட காலத்தில் நம் கல்யாணப் பந்தல்களில் எத்தனை டப்பா உருகியிருக்கும் என்பதைப் பண்டாரிமார்தாம் சொல்ல வேண்டும். அவர்கள் மேல் பழியில்லை. அட்டவணையே நெய்யையும் அதையும் ஒரே எண்ணால் குறித்திருந்ததல்லவா?

குன்னூர் நூலின் மரபில் 2017-இல் ஹைதராபாத் நிலையம் புதிய அட்டவணையை வெளியிட்டது. 528 உணவுப் பொருள்கள். கொழுப்பின் அளவோடு அதன் வகைகளும் தனித்தனியே தரப்பட்டுள்ளன. பழைய நூலின் மௌனம் கலைந்தது. 2024-இல் அந்நிலையம் விடுத்த உணவு வழிகாட்டியில், ஒருவருக்கு நாளொன்றுக்கு எண்ணெயும் நெய்யுமாக 27 கிராம் என்றிருக்கிறது. அய்க்ராய்டு சொன்ன 2 அவுன்ஸில் பாதிக்கும் குறைவு. இரண்டும் ஒரே நிலையத்தின் வாக்கு. இடையில் மாறியது பெரும்பாலும் நம் தட்டு.

உம்மாவின் வினாவுக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. அண்மையில் ஒருநாள் அடுக்களையிலிருந்து தாளிக்கும் கரண்டியை வாங்கி, மருந்துக் குப்பியின் அளவு மூடியால் தண்ணீர் ஊற்றி அளந்தோம். 40 மில்லி பிடித்தது. எண்ணெயானால் ஏறத்தாழ 36 கிராம். ஒரு கரண்டி ஓர் ஆளின் ஒருநாள் கணக்கைத் தாண்டிவிடுகிறது. வீட்டில் நாங்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் சேர்த்து நாளெல்லாம் ஐந்து கரண்டி என்று சொன்னோம். உம்மா அவர்கள் நம்பாமல் மறுபடி ஒருமுறை அளக்கச் சொன்னார்கள். அளந்தோம், மாறவில்லை. “காலைக்கும் பகலுக்கும் ராவுக்குமா அஞ்சு?” என்று கேட்டுவிட்டு, கரண்டியைக் கழுவி மாட்டினார்கள். பிறகு வாசற்படியில் நின்று, நோன்பு மாதத்தில் சமோசா பொரித்த எண்ணெயில் சட்டியில் மிஞ்சியது போகப் பண்டத்தில் ஏறியது எவ்வளவு, அதை இந்த ஐந்தில் எப்படிக் கழிப்பது என்று கேட்டார்கள். புதிய அட்டவணையைப் புரட்டிப் பார்த்தோம். அதற்கு அதிலும் எண் இல்லை.